அறுபத்திரண்டு கிலோ

"அறுபத்திரண்டு கிலோ தாங்கணும்," என்றார் வந்தவர்.

தூண்டில் கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றுதான் கடையைத் திறந்திருந்தார். முதல் போணியே இப்படி வந்து வாய்த்தது. கடலில் கிடக்கிற மீனுக்கு யாராவது இவ்வளவு துல்லியமாக எடை சொல்வார்களா?

"தராசுல நிக்க வச்சுப் பாத்தீங்களா சார்?"

வந்தவர் சிரிக்கவில்லை. நான்கு நாளாகப் படகில் போய் வருகிறாராம், கிடைக்கவில்லையாம். நாளையிலிருந்து காற்று மாறுகிறது, படகுக்காரர் இன்றைக்கு மட்டும்தான் வருவார், இன்று விட்டால் அவ்வளவுதான் என்றார்.

கடைக்காரருக்குப் பாவமாக இருந்தது. ஒற்றை மீனுக்காக வீம்பு பிடித்து அலைகிற ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். சவரம் காணாத முகம், உப்புப் பூத்த சட்டை, எல்லாம் அதே லட்சணம். இந்தப் பருவத்தில் மனிதர் வெறுங்கையோடுதான் திரும்புவார் என்று தெரிந்தும், அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இருப்பதிலேயே தடித்த நைலான் கயிறு, கையகல மும்முனை முள் ஆறு, கயிற்றைக் கடலடிக்கு இழுத்துப்போக ஈயக்குண்டு என்று எடுத்து வைத்தார். இரை என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையாட்டினார் வந்தவர்.

ஆள் கடலுக்கே புதுசு என்று கடைக்காரர் முடிவு கட்டிக்கொண்டார். ஆனாலும் தொழிலை விட்டுக்கொடுக்கவில்லை. எந்த முள்ளை விற்றாலும் சாணைக்கல்லில் தீட்டி, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பார். வழுக்கினால் மறுபடி தீட்டுவார், நகத்தைக் குத்தி நின்றால்தான் அவருக்குத் திருப்தி. ஆறையும் அப்படித் தீட்டிப் பெருமையோடு நீட்டினார்.

வந்தவர் ஒன்றை எடுத்துத் தன் உள்ளங்கையில் அழுத்தினார். ரத்தம் பொட்டாக எழும்பியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முனைய மழுக்கிக் குடுங்க."

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை நேரம் மாங்குமாங்கென்று தீட்டியது எதற்காம்?

"முனை இல்லாத முள்ளு எதுல சார் மாட்டும்?"

"என் பையனோட சட்டையில மாட்டினாப் போதும்."