வியட்நாம்காரி மகள்

"நடிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கம்மா வியட்நாம்காரங்கன்னா நம்ப முடியலையே" என்றார் இயக்குநர் மின் அம்மையார்.

கொரியாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வியட்நாம் பெண்ணின் குடும்பக் கதைதான் அவர் எடுக்கப்போகும் படம். மகள் வேடத்துக்கு அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைதான் வேண்டும் என்று கடலோர ஊரான தோங்யோங்கின் பள்ளிக்கூடத்தில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"சத்தியமா மேடம். எங்க சிப்பிக் கொட்டகையிலதான் இருக்காங்க. வரச்சொல்றேன்" என்றாள் யேரிம். இந்த வேடம் கிடைத்தால் சிப்பி நாற்றம் இல்லாத சியோலுக்குப் போய்விடலாம்.

"காலையிலேர்ந்து பொய் சொல்லிட்டு நாலு பேரு வந்துட்டாளுங்க. நீயும் அப்படியா?"

"உடனே வா" என்று மட்டும் அம்மாவிடம் போனில் சொன்னாள் யேரிம். அம்மா லியென் ரப்பர் பூட்ஸும் ஈரக் கையுறையுமாக ஓடிவந்தாள். அறை நிறைய மகளின் வகுப்புப் பிள்ளைகளைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வாங்கம்மா. யேரிம் உங்க பொண்ணுதானே?"

லியென் இடுப்பு வளையக் குனிந்தாள். "ஐயோ, இல்லீங்க. அது எங்க மொதலாளி பொண்ணு. நான் சிப்பி உடைக்கிற கூலிக்காரி."

"அம்மா!" என்று அலறினாள் யேரிம்.

"ஆளை வேற செட்டப் பண்ணிட்டியா? அதைக்கூடச் சரியாச் சொல்லிக் குடுக்கலையே நீ. அடுத்த பொண்ணைக் கூப்பிடுங்க."

வெளியே வந்ததும் யேரிம் கத்தினாள். "ஏன் அப்படிச் சொன்னே?"

லியென் மிரண்டுபோனாள். "பள்ளிக்கூடத்துல யாரு கேட்டாலும் இப்படித்தான் சொல்லணும்னு நீதானேடி சொல்லிக் குடுத்தே? நல்லாத்தானே சொன்னேன்?"