சூடேறும் கார்

"மாட்டுன ஃபேனைக் கழட்டிருங்கண்ணே," என்றான் ஆசாத்.

மெக்கானிக் ஒச்சப்பனுக்குச் சுருக்கென்றது. "போன வாரந்தானப்பா மாட்டுனேன்? இன்னும் அம்பாசடர் சூடேறுதா?"

"ஏறலண்ணே. எங்கயும் நிக்காமப் போகுது."

"அப்பறம் என்ன? முந்தி சின்னாளப்பட்டியில ரேடியேட்டர் ஆறுற வரைக்கும் நீயும் உன் மகளும் அரை மணி நேரம் காத்துக் கெடப்பீங்க."

"அந்த அரை மணி நேரந்தாண்ணே வேணும்."

ஒச்சப்பன் விளங்காமல் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் நுஸைபா என்கூட. ஆறு மணிக்குக் கொடைரோட்டுல அவ அம்மாகிட்ட விட்டுரணும். கோர்ட்டு உத்தரவு. கார் சூடாயிருச்சுன்னா மட்டும் அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஒச்சப்பன் ஃபேனைக் கழற்றவில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே அதற்கொரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். "அணைச்சா சூடேறும். முள்ளு சிவப்புக்கு வந்தா உடனே நிறுத்திரு."

அடுத்த ஞாயிறு மாலை, பக்கத்தில் நுஸைபா பார்த்துக்கொண்டிருக்க, ஆசாத்தின் கை இரண்டு தடவை சுவிட்ச் வரை போய்த் திரும்பியது. மகளை வைத்துக்கொண்டு பொய்யாக நிறுத்த மனம் வரவில்லை. பேகம்பூரில் இறங்கி அவளுக்கு பன் வாங்கிவந்து, நேரே ஓட்டினான்.

சின்னாளப்பட்டியில் முள் சிவப்பைத் தொட்டது. பதறி ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தான். சுவிட்ச் அணைந்திருந்தது.

நுஸைபா பன்னைப் பாதியாகப் பிய்த்து அவனிடம் நீட்டினாள்.

"கார் சூடாயிருச்சுன்னு அம்மாகிட்ட நானே சொல்றேன், அத்தா."