பெடலுக்கு அடியில்

"தையல் மிஷின் தானா ஓடுதாம். காலே வைக்கலையாம், ஓடுதாம்."

மிஷினை மேஜைமேல் இறக்கி வைத்தபடி ஹார்ம் சொன்னான். அவன் அம்மா ஜான்னா பக்கத்தில்தான் இருந்தாள். அதற்காக அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

எம்மன் நகரின் சமுதாயக் கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை இலவசமாகப் பழுது பார்ப்பார்கள். ஒரே நிபந்தனை: பொருளைக் கொடுத்துவிட்டுக் கடைவீதிக்கு நழுவ முடியாது. வேலை முடியும்வரை சொந்தக்காரர் கூடவே உட்கார வேண்டும்.

ஹார்முக்கு அதுதான் எரிச்சல்.

ஜான்னா கோட்டைக் கழற்றினாள். ஸ்வெட்டரைக் கழற்றினாள். உள்ளே இன்னொரு ஸ்வெட்டர். அதையும் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டாள்.

"பாத்தீங்களா?" என்றான் ஹார்ம். "ஒண்ணு போட்டதே ஞாபகமில்லாம இன்னொண்ணு. போன மாசம் அடுப்பை அணைக்க மறந்தாங்க. இப்ப மிஷின் தானா ஓடுதாம். நாளைக்கு நாற்காலி நடக்குதும்பாங்க."

"நடந்தா உன் வீட்டுக்கு அனுப்பறேன்டா. நீதான் வர்றதில்ல, அதுவாவது உன்னைப் பாத்துட்டு வரட்டும்."

பழுது பார்க்க மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வீபே சிரித்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஆள்.

ஹார்ம் சிரிக்கவில்லை. "வரலேன்னா பாத்துக்கலேன்னு அர்த்தமா? உன் வீட்டு விளக்கு, கதவு, ஹீட்டர் எல்லாம் என் போன்லதானே இருக்கு? சுவத்துல இருக்கற பட்டனைக்கூட நீ தொட வேண்டாம்னு வெச்சிருக்கேன்."

"ஆமா. அதெல்லாம் நல்லாத்தான் பாத்துக்கறான்," என்றாள் ஜான்னா, வீபேயிடம்.

காரிலேயே பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். மிஷினில் கோளாறு என்றால், முதியோர் இல்லப் பேச்சை ஹார்ம் விட்டுவிட வேண்டும். கோளாறு இல்லையென்றால், திங்கட்கிழமை ஜான்னா அவனோடு போய் அங்கே அறையைப் பார்க்க வேண்டும்.

வீபே பெடலை மிதித்தார். மிஷின் ஓடியது. காலை எடுத்தார். நின்றது. திரும்பத் திரும்பச் செய்தார். சொன்ன பேச்சைக் கேட்டது.

"ஒண்ணும் தெரியலையேம்மா."

"தைக்க உக்காந்து கொஞ்ச நேரம் ஆகணும். அப்புறம் காலை எடுத்தாலும் நிக்காது. ஊசி விரல்மேலயே ஏறிடுச்சு, பாருங்க." ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி.

"கால் பெடல்லயே இருந்திருக்கும்மா. உனக்கு ஞாபகம் இருந்திருக்காது." இந்தத் தடவை ஹார்ம் மெதுவாகத்தான் சொன்னான். அது இன்னும் வலித்திருக்க வேண்டும். ஜான்னா நூல் கட்டையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

வீபே பெடலைக் குப்புறக் கவிழ்த்தார். அடியில் நாலு ரப்பர் குமிழ்களும் மெழுகாய் இளகி நசுங்கிக் கிடந்தன.

"இதை வீட்டுல எங்க வெப்பீங்க?"

ஜான்னா மகனைப் பார்த்தாள். "தரையிலதான்."

வீபே எழுந்தார். வயரைப் பிடுங்கி, பெடலைக் கொண்டுபோய் ஜன்னலடியில் கொதித்துக்கொண்டிருந்த ஹீட்டர்மேல் வைத்தார்.

"காப்பி குடிப்போம்."

"காப்பி குடிக்கவா வந்தோம்?" என்றான் ஹார்ம்.

"நான் அதுக்குத்தான் வர்றேன்."

குடித்தார்கள். கோப்பை காலியானதும் வீபே பெடலைத் துணியால் பிடித்து எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். வயரைச் செருகினார். கையை எடுத்துக்கொண்டார்.

மிஷின் படபடவென்று ஓட ஆரம்பித்தது. பெடலை யாரும் தொடவில்லை. பக்கத்து மேஜையில் ரொட்டி வாட்டும் கருவியைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கூட எட்டிப் பார்த்தார்.

வீபே பெடல் வயரைப் பிடுங்கினார். நின்றது.

"மிஷின் நல்லாருக்கு. பெடலுக்குள்ள கண்டென்சர் போயிருக்கு. சூடு ஏறினா புத்தி பிசகுது. உங்களுக்கில்லம்மா, இதுக்கு."

ஹார்ம் நெடுமூச்சு விட்டான். தோற்றதில் அவனுக்கே நெஞ்சு லேசாகிவிட்டது. "சரிம்மா. முதியோர் இல்லப் பேச்சு இனி கிடையாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

வீபே வேறு கண்டென்சர் வைத்துப் பற்றவைத்தார். ஆனால் பெடலை அவளிடம் கொடுக்கவில்லை.

"வெறும் தரை இவ்வளவு சூடாகாது. காரணத்தைச் சொல்லலேன்னா இதுவும் போயிடும்."

ஜான்னா நூல் கட்டையை மேஜைமேல் வைத்தாள். "கால் சூட்டுக்குன்னு கரண்ட்ல சூடாகற மெத்தை ஒண்ணு வாங்கினேன். பெடல் அதுமேலதான் இருக்கு."

"வீட்டுல ஹீட்டர் எரியலையா?"

"எரியுது, எரியுது." அவசரமாகச் சொன்னாள். "வீடெல்லாம் கதகதன்னுதான் இருக்கு. என் கால்தான் சரியில்ல. வயசாச்சில்ல."

ஹார்ம் நாற்காலியில் தொங்கிய இரண்டு ஸ்வெட்டர்களையும் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

'அம்மா வீடு: 14 டிகிரி.'

இரண்டு மாதம் முன்பு, நவம்பரில், அம்மா ஒரு வாரம் தன் தங்கை வீட்டுக்குப் போனபோது அவன்தான் ஹீட்டரைக் குறைத்து வைத்தான். திரும்ப ஏற்றத்தான் மறந்துவிட்டிருந்தான்.