சனி, ஞாயிறு மாத்திரை

ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் எங்கள் அறை இருட்டில் மிதக்கிறது. கீழே போகும் மோட்டார்சைக்கிளின் வெளிச்சம் சுவரில் ஏறி, கூரையில் மெதுவாக நீந்தி, மின்விசிறியில் சிதறுகிறது. எனக்குக் காசநோய். மற்றவர்களுக்கு ஆறு மாத மருந்து. எனக்கு லேசாகத்தான் வந்திருக்கிறது, வயதும் பதினைந்துதான், அதனால் நான்கு மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்கிறார் டாக்டர். நாளைக்கு முடிவு செய்வார். அம்மா இப்போதே பாயசத்துக்குப் பால் வாங்கி வைத்துவிட்டார்.

"அக்கா, தூங்கிட்டியா?"

"இல்லலா. சொல்லு." துஷ்யந்தி அக்காவின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிறது.

"கிளினிக்ல நர்ஸ் மிஸி முன்னால தினம் மாத்திரையை முழுங்கிட்டு வாயைத் தொறந்து காட்டுறேன். சனி, ஞாயிறுக்கு வீட்டுக்குக் கொடுப்பாங்கல்ல, அதை மட்டும் சாப்பிடல."

"ஏன்?"

"அதைச் சாப்பிட்டா ஒண்ணுக்கு ஆரஞ்சா போகுது. சனி, ஞாயிறு டான்ஸ் கிளாஸ், அங்க டாய்லெட்ல யாராச்சும் பாத்துட்டா?"

"ஃப்ளஷ் பண்ணத் தெரியாதாடி உனக்கு?" என்று சிரிக்கிறாள். சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. எழுந்து வந்து, என் முதுகில் உள்ளங்கையை வைக்கிறாள். நான் மூச்சு விடுகிறேன். கை ஏறி இறங்குகிறது.

"நிறுத்தின பொறவு திரும்ப வந்துட்டா, பிரஷா?"

அதுதான் என் பயமும்.

"டாக்டர்கிட்ட நான் சொல்லவா?"

"வேணாம். நானே சொல்றேன்."

கூரையைப் பார்த்தபடி, சத்தமில்லாமல் சொல்லிப் பழகுகிறேன்: டாக்டர், நாலு மாசம் எனக்குப் பத்தாது.