மெல்லக் கற்போர் பட்டியல்

நெல் குதிருக்கு அடியில் எலிகளின் பள்ளிக்கூடம் நடந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் வளைக்குள் பாய்வது ஒன்றுதான் பாடம். வாத்தியார் குருமலைக்குப் பின்னங்கால் ஒன்று ஊனம். அதனால் உட்கார்ந்தபடியே ஓடக் கற்றுக்கொடுப்பார்.

ஒருநாள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பூனை ஒன்று வாசலில் வந்து அமர்ந்தது. குருமலைக்கு மீசை நடுங்கியது.

"பயப்படாதீங்க சார். கற்பித்தலை மேம்படுத்த ஆய்வு பண்றேன். மெல்லக் கற்கும் பிள்ளைங்க பட்டியல் கொடுத்தா தனிக் கவனம் எடுத்துக்குவேன்" என்றது பூனை. 'மெல்ல' என்ற சொல்லை மட்டும் சப்புக்கொட்டிச் சொன்னது.

"கொடுக்கலேன்னா?"

"நீங்க ஒத்துழைக்கலேன்னு எழுதுவேன். மேலே இருக்கிறவங்க கூட்டமா வருவாங்க."

கூட்டம் என்றதும் குருமலை தாளை எடுத்தார். மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தார். கடைசிப் பெயர், தன் வாலே தடுக்கி விழும் பொட்டு.

மறுநாளிலிருந்து தினம் ஓர் இடம் காலியானது.

"பொட்டு தனி வகுப்புக்குப் போயிருக்கா சார்?" என்று அதன் தாய் வந்து கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நாலாம் நாள் பூனை வந்தது. "பாருங்க சார், மிச்சமிருக்கிறதெல்லாம் என்ன ஓட்டம் ஓடுது. ஆய்வு முழு வெற்றி."

"அப்ப கிளம்புறீங்களா?"

"இன்னும் ஒரு கட்டம் இருக்கு" என்று தாளைத் திருப்பியது பூனை. "மெல்லக் கற்பிக்கும் ஆசிரியர் பட்டியல்."

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர்தான். குருமலை வளையைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.