கொக்கியில் மாட்டாத பை

ஒரு ஊரில் ஒரு குட்டி வீடியோ கேமரா இருந்தது. சரியான சந்தேகப் பிராணி. மலை உச்சியில் நின்று சூரிய உதயத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று அதற்கு வெகுநாள் ஆசை. நிற்பதற்குக் கால் வேண்டுமே! கடையில் இருந்த கனத்த மூன்றுகால் ட்ரைபாட், "மலையேற நம்மால ஆகாது" என்று கையை விரித்துவிட்டது. வேறு வழியில்லாமல், மடக்கினால் பைக்குள் அடங்கும் ஒல்லி ட்ரைபாடைத் தேர்ந்தெடுத்தது கேமரா.

"இவ்வளவு லேசா இருக்கியே, உள்ள ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லண்ணே. வெறும் குழாய்தான். அதனாலதான் தூக்க முடியுது."

கேட்டதும் ஒத்துக்கொள்கிறதே, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டது கேமரா.

உச்சியில் காற்று சுழற்றி அடித்தது. "அண்ணே, என் நடுவுல ஒரு கொக்கி இருக்கு. உங்க பையை அதுல மாட்டுங்க. அந்தக் கனத்துல அசையாம நிப்பேன்" என்றது ட்ரைபாட்.

பையில் பேட்டரியும் மெமரி கார்டும் இருந்தன. "ஓகோ! வந்த அன்னைக்கே என் பைமேல கண்ணா? பை கீழேயே கிடக்கட்டும்!"

அடுத்த காற்றில் இரண்டும் சாய்ந்தன. கேமராவின் கண்ணாடி பாறையில் மோதாதபடி ட்ரைபாட் தன் காலைக் குறுக்கே கொடுத்தது. கால் வளைந்து போனது. கேமராவுக்கு ஒரு கீறலும் இல்லை.

எழுந்ததும் கேமரா முதல் வேலையாகப் பையைத் திறந்து பார்த்தது. எல்லாம் பத்திரமாக இருந்தன.

"நல்லவேளை, பையை உன்கிட்ட கொடுக்கல. நிக்கவே தெரியாத ஆளு நீ!"