வெள்ளைக் கோட்டு

சாலை பஜாரின் தையல்கடைக் கண்ணாடி முன்னால், பொன்செல்வி ஆய்வகத்துக்கான வெள்ளைக் கோட்டைப் போட்டுப் பார்க்கிறாள். நாளை ப்ளஸ் ஒன் சயன்ஸ் வகுப்பு தொடங்குகிறது. தமிழில் படித்தவளுக்கு இங்கிலீஷில் சயன்ஸ் கஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளோ விடுமுறை முழுக்க அகராதியோடு உட்கார்ந்து பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டாள். ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு நேரே வந்த அம்மா வடிவம்மாள், கோட்டில் கறை படுமோ என்று தள்ளியே நிற்கிறாள். சாய்வெயில் பட்டு அந்த வெள்ளை கண்ணைக் கூசவைக்கிறது. "பட்டனைப் போட்டு விடும்மா" என்கிறாள் மகள். வடிவம்மாள் ஊறிச் சுருங்கிய விரல்களை முந்தானையில் இருமுறை துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டனாக மாட்டுகிறாள். "மோள் டாக்டராவுமோ, சேச்சி?" என்று மலையாளித் தையல்காரர் கேட்கிறார். "அது பொறவு, சேட்டா. நாளைக்கு எம்மவ சயன்ஸ் படிக்கப் போறால்லா" என்கிறாள் வடிவம்மாள், பக்கத்துக் கடைக்கும் கேட்கிற குரலில்.